மப்கூத்தின் முகத்தில் இருந்த தூண்கள்

ஜனவரி 12

கேஸ் சிலிண்டர் இன்றைக்கும் வரவில்லை. விறகில் ரொட்டி சுட்டேன். ஒரு பக்கம் கருகல், மறுபக்கம் பச்சை மாவு. இவர் ஒரு வார்த்தை பேசாமல் தின்றுவிட்டுத் தூண்களுக்குக் கிளம்பிவிட்டார். மண்ணைச் சுட்டுக் கொடுத்திருந்தாலும் தின்றிருப்பார். மனசு வீட்டில் இருந்தால்தானே ருசி தெரியும்.

பக்கத்து வீட்டுத் தகியா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "என்னடி ஹமாமா, உன் சக்களத்தி எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன கேடு? மூவாயிரம் வயசுல நிமிந்து நிக்கிறா. நாப்பதுல எனக்குத்தான் இடுப்பு போச்சு."

உண்மையில் மப்கூத் இன்னொருத்தியைக் கட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு தனியாக இருந்திருக்க மாட்டேன். அவளோடு சண்டையாவது போட்டிருக்கலாம். மணல் மேட்டில் நிற்கும் பழங்காலக் கோயிலின் இந்த ஆறு தூண்களோடும், மேலே உத்திரத்தில் வரிசையாகப் படுத்திருக்கும் கல் வரையாடுகளோடும் என்ன சண்டை போடுவது? கட்டியவர்கள் கும்பிட்ட தெய்வத்தின் பெயர்கூட இவருக்குத் தெரியும். சொல்ல ஆரம்பித்தால் தகியா காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். இவருடைய அப்பாவும் அங்கேதான் காவல் இருந்தார். தலைநகரத்திலிருந்து சம்பளம் வருவது நின்றுபோயிற்று. காவல் மட்டும் நிற்கவில்லை.

நான் பாடம் சொன்ன பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து எனக்கும் கத்துவதற்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் இந்த நோட்டில் கத்துகிறேன்.

ஜனவரி 21

மேற்கே வெடிச் சத்தம். மலைக்காரர்களின் படை சமவெளிக்கு இறங்கிவிட்டதாம். மாவு சலித்துக்கொண்டே கேட்டேன். சலித்து முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜனவரி 30

மலைக்காரர்களின் வண்டிகள் நேராகத் தூண்களுக்கே வந்துவிட்டன. சுற்றிலும் தட்டை மணல். உயரமான இடம் அந்த மேடு ஒன்றுதான். அங்கே பெரிய துப்பாக்கியை நிறுத்தினால் அவர்களோடு சண்டை போடும் கிழக்குக்காரர்கள் வரும் பாதை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். என் தம்பி ஜாருல்லா இருப்பது அந்தக் கிழக்குக்காரர்களோடு. குண்டு போடும் விமானங்களும் அவர்களுக்கு வேண்டிய வெளிநாட்டாருடையவைதான்.

இவர் குறுக்கே போய் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னார்.

அவர்களுடைய தளபதி கேட்டானாம்: "காஃபிர் கட்டின கல்லுக்கு எதுக்குய்யா காவல்?"

"யார் கட்டினா என்ன? நம்ம பாட்டனுக்குப் பாட்டன் கட்டினதுதானே. உன் பாட்டன் தொழாதவனா இருந்தா அவன் வீட்டை இடிச்சிடுவியா?"

அவன் சிரித்திருக்கிறான். சிரித்தானே என்று இவருக்குச் சந்தோஷம். சிரித்துவிட்டு, "வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தர்றேன், காவக்காரரே" என்றானாம்.

நான் சொன்னேன், "விடுங்க. அவங்க அம்பது பேரு, நீங்க ஒருத்தர்." இவர் கேட்டமாதிரியே தெரியவில்லை. கொல்லையில் கட்டியிருந்த இளங்காளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 1

என்னிடம் சொல்லாமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்! நான் கையால் புல் ஊட்டி வளர்த்த காளை. தாய் செத்த பிறகு புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. அதை எங்கள் குலத் தலைவர் ஷேக் முஸ்இத் வீட்டு வாசலில் நிறுத்தி, ஊர் பார்க்க, கழுத்தை அறுத்துவிட்டார்.

வாசலில் இரத்தம் விழுந்துவிட்டால் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. கேட்டதைச் செய்தே ஆக வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழவர் எப்படி நழுவினார் பாருங்கள். "மப்கூத், என் ஒரு மகன் மலைக்காரன்கூட, இன்னொருத்தன் கிழக்குக்காரன்கூட. நான் என் முகத்தைக் கொடுத்தா எந்த மகன் அதை உடைப்பான்னு எனக்கே தெரியாது. நீ காவக்காரன். உன் முகத்தைக் கொடு. ரெண்டு பக்கத்து ஆளையும் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு."

முகத்தைக் கொடுப்பது என்றால் தன் மானத்தையே பிணை வைப்பது. என் காளையை வாங்கிக்கொண்டு என் புருஷனின் முகத்தையே திருப்பிக் கேட்கிறார். பெரிய மனுஷன்!

"ஒத்துக்கிட்டீங்களா?"

"வேற யார் இருக்கா?" என்றார்.

கறியில் எங்கள் பங்கைத் தகியா கொண்டுவந்தாள். நான் சமைக்கவில்லை. அவளையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5

முடிந்துவிட்டது. இரண்டு பக்கத்து ஆட்களும் மேட்டில் கூடினார்கள். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள், பாதிப் பேர் சித்தப்பா பெரியப்பா மக்கள், முதலில் முறைத்துக்கொண்டு, பிறகு மூக்கோடு மூக்கு உரசி நலம் விசாரித்துக்கொண்டார்களாம். இவர் நடுவில் நின்று, கன்னத்தில் கை வைத்துச் சொன்னார்: "இந்தத் தூண்கள் என் முகத்துல இருக்கு. இதுக்குள்ள வர்றவனும் என் முகத்துல இருக்கான்."

இனி அங்கே எவன் சுட்டாலும் அவன் சுடுவது மப்கூத்தின் முகத்தை. சுட்டவன் காளைகளோடும் துப்பாக்கிகளோடும் எங்கள் வாசலுக்கு வந்து நின்று அந்த முகத்தைத் திரும்ப வெளுத்துத் தர வேண்டும். வராவிட்டால் அவன் பெயர் சந்தையில் கறுப்புக் கொடியின் கீழ் கூவப்படும். அதற்குப் பயப்படாதவன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

பிணையாகப் பக்கத்துக்கு மூன்று துப்பாக்கி கொடுத்தார்கள். ஆறும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. பெருக்கும்போது துடைப்பம் இடிக்கிறது.

பிப்ரவரி 19

கண்ணுக்குச் சுர்மா இட்டுக்கொண்டு, இடுப்பில் வளைகத்தியை நேராக்கிக்கொண்டு ஆண்கள் கூடிப் போதைக்கு மெல்லும் காத் இலைச் சபைக்குப் போகிறார். முன்பெல்லாம் செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். இப்போது ஷேக்குக்கு அடுத்த திண்டு.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறிவிடும்.

மார்ச் 4

ஊரே தூண்களில் குடியேறிவிடும் போலிருக்கிறது. சுற்றுப்பக்கம் எல்லா இடத்திலும் குண்டு விழுகிறது, அங்கே மட்டும் விழவில்லை. தகியா தன் கல்யாணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டாள். ஒருவர் தண்ணீர் மோட்டார், இன்னொருவர் தேன்கூட்டுப் பெட்டிகள். தூணுக்குத் தூண் ஆடு கட்டியிருக்கிறது.

"முந்தியெல்லாம் ஒரு பொண்ணு சாய்ஞ்சா கத்துவீங்களே?" என்றேன்.

"உள்ள வந்தவனை எப்படிப் போன்னு சொல்றது?"

தூணில் செதுக்கிய எழுத்துகளை ஆடு நக்குகிறது என்று மட்டும் வருத்தப்பட்டார்.

மார்ச் 22

வந்தது வம்பு. மலைக்காரன் ஒருவன், காலில் குண்டு, தன்னந்தனியாகப் பச்சை வண்டியை ஓட்டிக்கொண்டு மேட்டில் ஏறி, உத்திரத்துக்கு நேர் கீழே நிறுத்திவிட்டு, "உங்க முகத்துக்குள்ள வந்துட்டேன், மாமா" என்று சொல்லி மயங்கிவிட்டானாம். வண்டியின் பின்னால் துப்பாக்கி நிறுத்தும் தாங்கி. இவர் துப்பாக்கியைக் கழற்றி அவனுடைய ஆட்களுக்கே அனுப்பிவிட்டார். தாங்கியைக் கழற்ற முடியவில்லை, பற்றவைத்திருக்கிறது. வண்டிக்கு அச்சு முறிந்துவிட்டது. நகராது.

அவன் பெயர் ஷாயிஃப்.

மார்ச் 25

சாப்பாடு கொண்டுபோனேன். மீசை இப்போதுதான் அரும்பியிருக்கிறது, சின்னப் பையன் என்று நினைத்தேன். கல்யாணம் ஆகி ஒரு பெண்குழந்தை வேறு இருக்கிறதாம். வாய் மட்டும் நீளம். ரொட்டியைக் கடித்துவிட்டு மேலே உத்திரத்தைப் பார்த்தான். "சின்னம்மா, அந்த ஆட்டுல ஒண்ணு உங்க ரொட்டியில செஞ்சதா?"

"காலு ஒண்ணுதானே போச்சு, வாயிலயும் ஒண்ணு வாங்கிக்கிறியா?"

சிரித்தான். வெந்தய நுரை போட்ட கறிக்குழம்பு வேண்டுமாம், அவன் அம்மா செய்கிற மாதிரி. வெந்தயத்துக்கு எங்கே போவேன்? தகியாவிடம் கொஞ்சம் இருக்கும்.

அவனுடைய ஆட்கள் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. வழியைக் கிழக்குக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

மார்ச் 28

விமானம். மூன்று முறை சுற்றியது. ஆடுகள்கூடத் தின்பதை நிறுத்திவிட்டன.

மொட்டை மாடியின் மூலையில்தான் போன் எடுக்கும். ஒரு காலைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துக்கொண்டு ஜாருல்லாவைக் கூப்பிட்டேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

"அக்கா, அந்த வண்டி மேல இருந்து நல்லாத் தெரியுது. எங்க ஆளுங்க பேசிக்கிறாங்க. மச்சானை அங்க இருந்து கிளம்பச் சொல்லு."

"தூண் அவர் முகத்துல இருக்குடா! நீயும் தானேடா அங்க நின்னே! உன் துப்பாக்கி என் கட்டிலுக்கு அடியில கிடக்கு!"

"எனக்குத் தெரியும் அக்கா. எங்க ஆளுங்க ஒருத்தனும் சுட மாட்டான். விமானம் ஓட்டுறவன் யாருன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அவனுக்கு மப்கூத்தும் தெரியாது, முகமும் தெரியாது. நான் யார் வாசல்ல போய்க் காளை அறுக்கறது? சொல்லு, போறேன்."

அழுதான். அவன் அழுவதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை கோபம்தான் இருந்தது.

மார்ச் 29

வண்டியைத் தள்ளிப் பார்த்தோம். ஆண்கள் முன்னால் இழுக்க, பெண்கள் நாங்கள் பின்னால் தோள் கொடுக்க, சக்கரம் மணலில் இன்னும் புதைந்ததுதான் மிச்சம். பிறகு கூடாரத் துணி போட்டு மூடினோம். அதன் மேல் மணல் வாரிக் கொட்டினோம். மத்தியானக் காற்றில் துணி பறந்துபோய்த் தேன்கூட்டுப் பெட்டிகளில் சிக்கிக்கொண்டது.

அவரவர் ஆட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தகியா அவள் பெட்டியை எடுக்க வந்தபோது இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷாயிஃப் சொன்னான், "மாமா, என்னை வெளிய எடுத்துப் போட்டுடுங்க. மணல்ல கிடக்கறேன். என்னைத் தேடித்தானே வரான், உங்க கல்லு பொழைக்கட்டும்."

"நீ வாயை மூடு" என்றார். எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று நான் கேட்டேன். வழியில் எவனாவது பிடித்துவிட்டால் என்று கேட்டார். தன் முகத்துக்குள் இருப்பவனைத் தானே வெளியே தூக்கிக்கொண்டு வந்தார் என்றல்லவா ஆகும்? இங்கேதான் பத்திரம் என்றார். அப்படித்தான் நம்பினார். நானும் பாதி நம்பினேன்.

மார்ச் 31

இவர் இருக்கிறார். இவர் உயிரோடு இருக்கிறார். இவர் இங்கே சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்.

களி கிண்டினேன், சூடா வந்து சாப்பிட்டுட்டுப் போங்கன்னு ஆள் அனுப்பினேன், வந்து கை கழுவினார், முதல் உருண்டையைச் சாற்றில் தோய்த்தார், அப்ப... ஐயோ, எழுத வரலை. தட்டு குதிச்சது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தட்டு தரையிலேர்ந்து குதிச்சது.

அந்தப் பையன்.

ஏப்ரல் 2

அந்தப் பையனை அடக்கம் செய்தாயிற்று. அவனுக்கு வெந்தயம் தகியாவிடம் வாங்கி ஊறப்போட்டிருந்தேன். இன்னும் கிண்ணத்தில் இருக்கிறது.

விமானம் போட்ட குண்டில் நான்கு தூண்கள் விழுந்துவிட்டன. உத்திரம் மூன்று துண்டு. வரையாடுகளில் சிலவற்றுக்குத் தலை இல்லை, சில வெறும் கொம்பு. இரண்டு தூண்கள் நிற்கின்றன, அவற்றுக்கு இடையில் ஒன்றும் இல்லை. நானும் போய்ப் பார்த்தேன். கல்தானே என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள், அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று சரியாகத் தெரியவில்லை, பையனுக்கா, கல்லுக்கா, இவருக்கா.

சாயங்காலம் இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"சாப்பிடக் கூப்பிட்டேன்."

"நான் அங்க இருந்திருக்கணும்."

"திரும்பவும் கூப்பிடுவேன்," என்றேன். "ஆயிரம் தடவை கூப்பிடுவேன். நீங்க என்னை எவ்வளவு வேணும்னாலும் வெறுங்க."

அவருடைய முகம் இல்லாவிட்டால் அந்த வண்டி அங்கே வந்திருக்காது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 10

தினமும் காலையில் முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார். காப்பித்தோல் கஷாயம் போட்டு வைக்கச் சொல்கிறார். முகத்தை உடைத்தவன் வாசலுக்கு வருவான், வந்தால் உபசாரம் குறையக் கூடாதாம்.

யார் வருவார்? வானத்திலிருந்து இறங்கி வருவானா?

கஷாயம் ஆறிப்போனதும் நானும் தகியாவும் குடிக்கிறோம். அவள் இப்போதெல்லாம் சக்களத்தியைப் பற்றிக் கேட்பதில்லை.

ஏப்ரல் 13

ஷேக்கிடம் போயிருக்கிறார். "உடைச்சவனைக் காட்டுங்க, நான் போய்க் கேக்கறேன்." ஷேக், "அந்த விமானம் எந்தக் குலம், மப்கூத்?" என்றாராம். கேலியாகக் கேட்கவில்லை, பாவம், அவருக்கும் நிஜமாகவே தெரியவில்லை.

ஜாருல்லா ஒரு காளையோடு வந்தான். எங்கள் வாசலில் அறுக்கப்போனான். இவர் ஓடிப்போய்க் கத்தியைப் பிடித்துக்கொண்டார். "நீ உடைச்சியா?" "இல்ல மச்சான்." "அப்ப உன் காளையை ஓட்டிட்டுப் போ. செய்யாதவன்கிட்ட வாங்க நான் பிச்சைக்காரன் இல்லை."

தம்பி காளையோடு திரும்பிப் போனான்.

ஏப்ரல் 20

ஷாயிஃபின் அப்பா வந்தார். முக்பில் என்று பெயர். இரண்டு வண்டியில் ஆட்கள். நான் ஜன்னல் பலகை இடுக்கில் நின்று பார்த்தேன். அவர் மகன் மப்கூத்தின் முகத்துக்குள் இருக்கும்போது செத்திருக்கிறான். அவர் என்ன கேட்டாலும் நியாயம். இவரை அங்கேயே சுட்டாலும் கேட்க ஆள் கிடையாது.

இவர் என்ன செய்தார் தெரியுமா? சந்தோஷப்பட்டார். வண்டிச் சத்தம் கேட்டதும் முகம் தெளிந்து, வளைகத்தியை எடுத்துக் கட்டிக்கொண்டு, வாசலுக்குப் போய், அதை உறையோடு கழற்றி அந்தப் பெரியவரின் காலடியில் வைத்தார். "கேளுங்க. உங்க மகன் என் முகத்துல இருந்தான். என்ன வேணும்னாலும் கேளுங்க. இந்த வீடு, நிலம், நான், எல்லாம்."

முக்பில் குனிந்து வளைகத்தியை எடுத்தார். இவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"உன்கிட்ட என்னத்தைப்பா கேக்கறது? உன்னால என்ன முடிஞ்சிருக்கும்? நாங்க மன்னிச்சிட்டோம். அல்லாஹ் உனக்கு லேசாக்கட்டும்."

நல்ல மனுஷன். அவர் கண்ணில் பொய் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

இவர் கத்தினார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் கத்தி நான் கேட்டதில்லை. "கேளுங்கய்யா! கேட்டுட்டுப் போங்க! ஒண்ணாவது கேளுங்க!" வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். முகம் உள்ளவனிடம்தான் கேட்பார்கள். கேட்காமல் போனால், இவனிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெரியவர் அப்படி நினைத்துச் செய்யவில்லை. இவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

செருப்பு ஒன்று வழியில் கிடந்தது. நான்தான் போய் எடுத்து வந்தேன்.

ஏப்ரல் 23

வியாழக்கிழமைச் சந்தை. காலையில் என் பழைய கறுப்பு அங்கியைக் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பிடுங்கி வைத்திருக்க வேண்டும்.

தகியாவின் புருஷன் பார்த்துவிட்டு வந்து சொன்னதை எழுதுகிறேன். சந்தை நடுவில் கம்பு நட்டு என் அங்கியைக் கட்டியிருக்கிறார். காத் விற்பவன், வெங்காயம் விற்பவன் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். கறுப்புக் கொடி ஏறினால் பெயர் கேட்காமல் யாரும் போக மாட்டார்கள். "யார் மப்கூத்? உன் முகத்தை உடைச்சவன் யார்? பேரைச் சொல்லு!"

இவர் வானத்தைப் பார்த்தாராம். மேகம்கூட இல்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் அப்படியே நின்றாராம். ஆட்கள் ஒவ்வொருவராக வியாபாரத்துக்குத் திரும்ப ஆரம்பித்தபோது, கன்னத்தில் கை வைத்து, உரக்கச் சொன்னார்.

"மப்கூத். பேரு மப்கூத்."

ஷேக் ஓடிவந்து வாயைப் பொத்தினாராம். ஆனால் சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் தலைச் சால்வையைக் கண்ணுக்குக் கீழே இழுத்துச் சுற்றியிருந்தார். கழற்றவில்லை. சாப்பிடும்போதுகூட எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏப்ரல் 24

நீ எதுக்குய்யா உன் பேரைச் சொன்னே? ஊருல அத்தனை பேரும் கொன்னுட்டுத் தலைநிமிந்து நடக்கறான். நீ ஒருத்தன்தான் யாரையும் கொல்லலை. நீ போய்...

நேரில் கேட்க முடியவில்லை.

மே 6

துப்பாக்கிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே நாளில், சொல்லிவைத்ததுபோல், கூச்சத்தோடு. "இனி என்ன இருக்கு அண்ணி" என்றான் ஒருவன். நானே கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒவ்வொன்றாக இழுத்துக் கொடுத்தேன். இவர் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மத்தியானமே மேட்டில் மலைக்காரர்களின் பெரிய துப்பாக்கி ஏறிவிட்டது. நிற்கிற இரண்டு தூண்களுக்கு நடுவில்.

மே 9

அந்த இரண்டும் போயின.

மே 11

சக்களத்தி செத்துவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். புருஷன் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். இப்படியா ஜெயிக்கணும்?

மே 17

"நான் கிளம்பறேன். தம்பி வண்டி அனுப்பறான். வந்தா வாங்க." இப்படிச் சொன்னால் மறுப்பார், சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். சரி என்றார். அதுதான் என்னைக் கொன்றது.

ஒன்றை மட்டும் கேட்டார், ஒரு பகல் பொழுது. உடைந்த வரையாடுகளைத் திருடிக்கொண்டு போய் விற்க ஆட்கள் வந்துவிட்டார்களாம். அந்தத் துண்டுகளைப் புதைக்க வேண்டும். நானும் போனேன், தகியாவும் வந்தாள். துப்பாக்கிக்காரர்களும் அங்கே இல்லை. அங்கே இனி ஒளிந்து நிற்க ஒரு மறைவும் இல்லையே. தலைகளையும் கொம்புகளையும் பொறுக்கிப் பள்ளத்தில் அடுக்கி மணலை மூடினோம். ஒரு ஆட்டின் தலையை நான் மடியில் வைத்துத் துடைத்தேன். மூக்கு நுனி வழுவழுவென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் தொட்டுப் பார்த்ததே இல்லை.

தகியா கை மண்ணைத் தட்டிக்கொண்டு, "நல்லவதான்டி உன் சக்களத்தி" என்றாள்.

ஜூன் 14

கூடாரம். தம்பியின் வண்டி இறக்கிவிட்ட முகாமில் எங்கே பார்த்தாலும் கூடாரம். தண்ணீர் வண்டி வந்தால் சண்டை. தகியா குடும்பம் அடுத்த வரிசையில். இவர் விடிந்ததும் கூடாரத்தின் பின்பக்கம் போய் உட்காருகிறார், நிழல் நகர நகரத் தானும் நகருகிறார். சால்வை முகத்திலேயே இருக்கிறது. வளைகத்தியை இடுப்பில் கட்டுவதில்லை. அதை நான் மாவு மூட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

தகியா குடும்பத்தைத் தவிர இங்கே யாருக்கும் இவரைத் தெரியாது. ஊமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

ஜூன் 30

வெந்தயம் கிடைத்தது. நுரை அடித்துக் குழம்பு வைத்தேன். இரண்டு பேருமே தொடவில்லை. பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 19

தகியாவுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வெள்ளாடு. மகளுக்குக் காய்ச்சல், மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வருவதற்குள் ஆட்டை எவனாவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவான். கயிற்றோடு எங்கள் கூடாரத்துக்கு வந்தாள். என்னிடம் கொடுப்பாள் என்று கை நீட்டினேன். என்னைத் தாண்டிப் பின்பக்கம் போனாள்.

"மப்கூத் அண்ணே, இதை உங்க முகத்துல விட்டுட்டுப் போறேன்."

தெரிந்துதான் சொல்கிறாளா, இல்லை வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டதா? இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, கூடாரத்தின் அந்தப் பக்கத்துக்கு வெயிலில் போய் உட்கார்ந்தார். தகியா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு ஆட்டைக் கூடாரக் கம்பியில் கட்டிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு, "வர்றேன்டி" என்று போயே போய்விட்டாள். பிடிவாதக்காரி.

நான் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஆடு கத்திக்கொண்டே இருந்தது. அது கத்துவதை நிறுத்தியபோதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. மேலே, வெகு தூரத்தில். இங்கே அடிக்கடி போகும், இதுவரை எதுவும் போட்டதில்லை. இருந்தாலும் பிள்ளைகள் எல்லாம் கூடாரங்களுக்குள் ஓடினார்கள். நானும் கை மாவோடு வெளியே வந்து இவரைத் தேடினேன்.

வெயில் பக்கத்தில் ஆளைக் காணோம்.

ஆட்டின் பக்கத்தில் இருந்தார். மண்டியிட்டு, ஒரு கையால் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் நெருங்கி வந்தது. தலையிலிருந்த சால்வையைப் பிரித்து, உருவி எடுத்து, ஆட்டின் மேல் தலையிலிருந்து வால்வரை போர்த்தினார். போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துவிட்டார். வெள்ளாட்டுக்கு ஒரு துணிச் சால்வை. என்ன மனுஷன் இவர்! சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நான் அசையவில்லை.

அந்த வியாழக்கிழமைச் சந்தைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். தாடி முழுக்க நரைத்துவிட்டது. வெயில் படாத இடமெல்லாம் வெளிறிப் போயிருக்கிறது.

விமானம் போய்விட்டது. தகியா வர இன்னும் நேரம் இருந்தது. ஆடு சால்வையின் ஓரத்தை வாயில் இழுத்து மெல்ல ஆரம்பித்தது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.